மதலேனாளின் கல்லறைக் கல்

உயிரோடு இருக்கிற சக்களத்தியென்றால் கொண்டையைப் பிடித்து இழுக்கலாம். செத்தவளை என்ன செய்வது? ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று மதலேனாள் செத்தாள். அடுத்த வருஷம் அவளுடைய புருஷன் சந்தியாப்பிள்ளைக்கு நான் வாழ்க்கைப்பட்டேன்.

அவர் டொக்யாட்டில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவன் அவருக்கு ஒரு படம் கொடுத்துவிட்டான். எகிப்து தேசத்துப் பழைய கல்லறைக் கல்லாம். புருஷனும் பெண்சாதியும் கதிரையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கை அவன் தோளில். முன்னால் மேசை நிறையச் சாப்பாடு. கல்லில் சாப்பாட்டைக் கீறி வைத்தால் அது செத்தவர்களுக்குப் போய்ச் சேருமென்று அந்தக் காலத்து ஆட்கள் நம்பினார்களாம். இதை எனக்குச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கலியாணத்தன்றுகூட நான் காணவில்லை.

சகல மரித்தோர் திருநாள் நெருங்கியது. எல்லாரும் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இவர் மட்டும் மிச்சப் பெயின்ற் டின்களோடு நாள் முழுக்க அங்கேயே கிடந்தார். பொறுக்க ஏலாமல் பின்னேரம் நானும் போனேன்.

மதலேனாளின் கல்லில் இவரும் அவளும். படத்தில் இருந்தபடியே இவர் சிவப்பு, அவள் மஞ்சள். உண்மையில் மதலேனாள் என்னைவிடக் கறுப்பு, ஊருக்கே தெரியும். முன்னால் சோற்றுக் குவியல். வீட்டில் கூப்பன் அரிசி போதாமல் நான் மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொட்டுகிறேன். அவளுக்கு வெள்ளைச் சோறு. பக்கத்தில் நண்டுக் கறி. நண்டு தின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துக் கடிக்குமென்று இவரே சொல்லியிருக்கிறார். அது நான் வைக்கிற கறி. குசினியில் வேக நான், தோளில் கைபோட அவளா? எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பக்கத்துக் கல்லறையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த தங்கரத்தினம், "நல்ல சோடிப் பொருத்தம், என்ன?" என்றாள், என்னிடமே. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற ஊரில் ஆளா இல்லை.

"இஞ்சேருங்கோ, உங்கட மற்றப் பக்கம் இடம் கிடக்குதுதானே," என்றேன் அவரிடம். "என்னையும் கீறுங்கோ."

அவர் பிறஷை நிறுத்தினார். "விசர்க்கதை கதையாதை, புஸ்பராணி. உயிரோட இருக்கிற ஆளைக் கல்லறையில கீறுறதே?"

"அப்ப நீங்கள்?"

அவர் பிறஷை மஞ்சளில் தோய்த்து, தன் தோளில் கிடந்த அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தீட்டத் தொடங்கினார்.