வீங்காத கை

அக்காவின் முன்கையில் நர்ஸ் ஊசி போட்டு, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் வரைந்தார். ஒரே வீட்டில் இருப்பதால் அம்மாவுக்கும் எனக்கும் போட்டார்.

"வீங்குச்சுன்னா உள்ள காசக் கிருமி இருக்கு. நாளான்னிக்கு வந்து காட்டுங்க."

அக்காவுக்கு எச்.ஐ.வி. இருப்பது அத்தான் செத்த பிறகுதான் தெரிந்தது. அவள் மகன் வாலுவுக்கு அது இல்லை. ஆனால் அவள் ஓயாமல் இருமத் தொடங்கியதும், காசம் இல்லையென்று தெரியும்வரை பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா பின்னறையில், அவன் என் இடுப்பில். முதலில் தொண்டை கிழியக் கத்தினான். அப்புறம் கத்துவதையும் விட்டான்.

"என்னை மறந்துட்டாண்டி" என்றாள் அக்கா, கதவுக்குப் பின்னாலிருந்து. 

காட்டப் போக வேண்டிய நாள் காலையில் அம்மாவின் கை சிவந்து தடித்திருந்தது. அக்காவின் கை, என் கை மாதிரியே, சமமாக இருந்தது.

"தடவிப் பாரும்மா, ஒண்ணுமே இல்ல!" என்று அக்கா கதவிடுக்கில் கையை நீட்டினாள்.

"எனக்குத்தானா? வந்துட்டுப் போகட்டும், இந்தக் கிழக்கட்டைக்கு என்ன" என்று அம்மா சிரித்தாள். "உன்னை விட்டுச்சே, அது போதும்."

"அப்ப நீ உள்ள போ. நான் வெளிய வரேன்."

வந்ததும் வாலுவை அள்ளிக்கொண்டாள். அவன் முதலில் நெளிந்தான். பிறகு அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்துத் தூங்கிப்போனான். அவன் தலைக்கு மேல் அவள் இருமினாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்பே எடுத்திருந்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காசம்தான். ரெண்டு பக்கமும் இருக்கு."

"கை வீங்கலையே டாக்டர்! எனக்குத்தானே வீங்குச்சு!" என்றாள் அம்மா.

"வீங்க வைக்கிறது கிருமி இல்லம்மா. கிருமியை அடையாளம் தெரிஞ்சு ஓடிவர்ற நம்ம ரத்த அணுக்கள். உங்களுக்கு அது தெம்பா இருக்கு. எப்பவோ வந்த கிருமியை அடக்கி வச்சிருக்கு. இவங்களுக்கு எச்.ஐ.வி. அந்த அணுக்களையே அழிச்சுடுச்சு. புதுசா உருவாகுறதும் சரியா வளர்றதில்ல. ஊசி போட்ட இடத்துக்கு ஓடிவர அங்க யாருமே இல்ல." எக்ஸ்ரேயை உறையில் போட்டார். "பையன் தள்ளித்தானே இருக்கான்?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"காலையில என் மேலதான் தூங்கினான்" என்றாள் அக்கா.

டாக்டர் திட்டவில்லை. நாளைக்கே அவனைக் கொண்டுவரச் சொன்னார். அவனுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டுமாம்.

நாங்கள் தெருவில் வருவதைப் பார்த்ததும் வாலு பக்கத்து வீட்டுப் படியிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடிவந்தான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிப் பின்வாங்கினாள்.

"தூக்குடி. அவனைத் தூக்கு!"

தூக்கினேன். அவன் என் வயிற்றில் உதைத்தான், தோளைக் கடித்தான். அக்கா எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும்வரை அவனை இறுக்கிப் பிடித்திருந்தேன்.