அம்மாவின் பக்கத்து இடம்

கடப்பாரை மண்ணில் இறங்காமல் மறுபடியும் துள்ளியது. கபர்க்குழி தோண்டும் தப்ரேஸ் பாய் குழிக்குள் குனிந்து விரல்களால் துழாவினார். தொடை கனத்தில் ஒரு வேர்.

"இங்கயும் கீது, தம்பி."

மேலே நின்ற முஸ்தகீம் நேரம் பார்த்தான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஜனாஸாவைத் தூக்கி வந்துவிடுவார்கள். மே மாத வெயில் கபர்ஸ்தான் மதிலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

அவனுடைய அத்தா அமீருதீன் விடிகாலையில் தொழுகைக்கு உளூ செய்யக் குந்தியவர், குழாயடியிலேயே சரிந்துவிட்டார். போன வாரம்தான் மகள் ஷாகிதாவிடம், "என்ன உங்கம்மா பக்கத்துல வெச்சுடுங்க" என்று சொல்லியிருந்தார்.

அம்மா நசீம் பானுவை இந்த மதிலோரம் அடக்கியபோது எங்கும் புல்தான். அத்தாவின் ஆடுகள் இங்கிருந்து நசரத்பேட்டை வரை மேய்ந்து திரும்பும். பிறகு மேய்ச்சல் நிலத்தில் மனைக்கல் நட்டார்கள். மழை பொய்த்த வருடங்களில் மிச்சப் புல்லும் கருகியது. ஆடுகள் சீமைக்கருவேலங்காயைத் தின்று பிழைத்தன. தின்ற விதைகள் புழுக்கையோடு விழுந்து இங்கேயும் முளைத்தன. வெள்ளிக்கிழமைதோறும் அத்தா கத்தியோடு வந்து வெட்டுவார். வெட்ட வெட்ட அது கிளைத்தது. ஆடுகளை விற்று, முட்டியும் விட்டுப்போன பிறகு அவர் வருவதில்லை.

"அறுத்துடலாமா, பாய்?"

"அறுக்கலாம். எங்க போவுது பாரு."

வேர் அம்மாவின் கபருக்கு அடியில் போயிருந்தது.

"இத்த இழுத்தா அந்தப் பக்கம் சரிஞ்சுடும். உங்கம்மா கபரு தொறந்துக்கும். நான் மாட்டேன்பா."

முஸ்தகீம் மறுபடியும் நேரம் பார்த்தான்.

"கேட்டாண்ட மண்ணு லேசா கீது. அங்க தோண்டவா? சீக்கிரம் சொல்லு."

கேட்டுக்கும் மதிலுக்கும் நடுவே முழுக்கக் கருவேலம்புதர். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் தலைமாட்டு மீசான் கல்கூடத் தெரியாது. அவன் தலையசைத்தான்.

புது இடத்தில் முதல் மண்வெட்டி விழுந்தபோது ஷாகிதா வீட்டிலிருந்து அழைத்தாள். பெண்கள் கபர்ஸ்தானுக்கு வருவதில்லை.

"இன்னாண்ணே, ஆச்சா? ஐஸ் பெட்டி சரியா ஓடல. எல்லாரும் கேட்டுகினே கீறாங்க."

"ஆவுது."

"அம்மா பக்கத்துலதான?"

அவன் புதரைப் பார்த்தான்.

"பக்கத்துலதான்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிண்ணே. இனி எனக்குக் கவல இல்ல."

முஸ்தகீம் கைப்பேசியை சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினான். பாய் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், உள்ளங்கை கொப்பளிக்கும்வரை வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டி எதிலாவது தட்டுமோ என்று செவி கொடுத்தான். தட்டவில்லை.

பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்து சந்தூக்கைத் தோளில் சுமந்து வந்தார்கள். அத்தாவின் தலைமாட்டை அவனே பிடித்து இறக்கினான். எடையே இல்லை. பலகை அடுக்கி எல்லோரும் மூன்று பிடி மண் போட்டு, துஆ ஓதிக் கலைந்தார்கள்.

தப்ரேஸ் பாய் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "தலமாட்டுல பச்சையா எதுனா ஊணி வெய்யி, தம்பி."

முஸ்தகீம் சுற்றிலும் பார்த்தான். கேட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தான். மனைக்கற்கள், புழுதி, கருகிய தட்டைகள். திரும்பி வந்து சீமைக்கருவேலத்தில் ஒரு கிளையை ஒடித்தான். முட்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டான். கட்டைவிரலில் ரத்தம் கசிந்தது.

அதை மண்ணில் ஊன்றாமல் கபரின் மேலே படுக்க வைத்தான்.