முப்பத்தொரு மணி நேர வாசகி

செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் ஐந்தாம் வகுப்புக் குருவி முப்பத்தொரு மணி நேரம் படித்திருந்தாள். கல்வி அலுவலகம் அனுப்பிய மின்னூலக அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. மூன்று மாதத்தில் அறுநூற்றுப் பதினான்கு புத்தகங்கள். அதே வகுப்பில் மற்ற முப்பது பேருக்கும் நேராகப் பூஜ்யம். குருவிக்குக் கேடயம் தரப்படும், மற்றவர்களின் டேப்லெட்டுகள் வியாழக்கிழமை திரும்பப் பெறப்படும் என்று கீழே ஒரு குறிப்பு.

"பாத்தியா, நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு மேதை இருக்கா!" என்றார் தலைமை ஆசிரியை.

"மேடம், அந்த முப்பது பேரும்..." என்று ஆரம்பித்தாள் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"சோம்பேறிங்க. அதுங்களுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கற?"

அவள் அறிக்கையை மடித்து மேசையில் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டிய உண்மை மிகச் சின்னது. அதற்கு அவளுடைய இயற்பியல் பட்டம்கூடத் தேவையில்லை.

டேப்லெட்டுகள் வந்தபோது பிள்ளைகளின் கடவுச்சொற்கள் தனித்தனி உறைகளில் வந்தன. உறை மேல் 'ரகசியம்' என்று அச்சிட்டிருந்தது. தலைமை ஆசிரியை அவற்றை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"பிரிச்சாதானே மேடம் பிள்ளைங்க படிக்க முடியும்?" என்று அப்போதே கேட்டுப் பார்த்தாள்.

"கொட்டை எழுத்துல ரகசியம்னு போட்டிருக்கான். பிரிச்சா அப்புறம் அது என்ன ரகசியம்?"

குருவியின் உறை மட்டும் வரும் வழியிலேயே நனைந்து வாய் பிளந்திருந்தது. பூட்டும் முன்பே வெளியே தெரிந்துவிட்ட அந்தக் கடவுச்சொல்லை வைத்து முப்பத்தொரு பேரும் குருவியாகவே உள்ளே போனார்கள். ஒருவர் விட்ட பக்கத்தில் இன்னொருவருக்குப் புத்தகம் திறந்தது. அதனால் அவரவர் நிறுத்திய பக்க எண்ணை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். மதியம் குழாயடியில் எல்லோரும் வலது கையை மட்டும் கழுவினார்கள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். கையில் கேடயம். பின்னால் அட்டைப்பெட்டிகளோடு ஓர் ஆள். தையல்கடையிலிருந்து குருவியின் அம்மாவும் அழைக்கப்பட்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லை.

"நெசமாவா மேடம்? வீட்டுல ஒரு பக்கம் படிடின்னா கொட்டாவி விட்டே வீட்டைத் தூக்கிடுவா."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார் தலைமை ஆசிரியை.

"பொண்ணுக்கு என்னம்மா குடுத்து வளக்கறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"திட்டுத்தான் சார்."

அதிகாரி சிரித்தார். "இவளுக்கு இன்னும் ரெண்டு டேப்லெட் சேத்துக் குடுங்க. ஒண்ணு சூடானா இன்னொண்ணுல படிக்கட்டும்."

அட்டைப்பெட்டிக்காரர் மேசை மேசையாக வந்தார். குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் பையன் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நூலகப் பெண்ணைப் பார்த்தான்.

"அக்கா, திமிங்கலம் கரை ஒதுங்கிடுச்சுக்கா. திரும்பக் கடலுக்குள்ள தள்ளுறாங்களான்னு இன்னும் பாக்கல." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். எழுபத்தெட்டு.

"பூஜ்யம் வாங்கினவனுக்குக் கதையைப் பாரு!" என்று அதட்டினார் தலைமை ஆசிரியை. டேப்லெட் பெட்டிக்குள் போனது.

அதிகாரி குருவியை முன்னால் நிறுத்தினார். "ஒரே நாள்ல முப்பத்தொரு மணி நேரம்! எப்படிம்மா முடிஞ்சுது?"

குருவி யோசித்தாள். "அன்னிக்குச் சீக்கிரமே எழுந்துட்டேன் சார்."

பெரியவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் தட்டவில்லை. குண்டூசி தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நூலகப் பெண் ஏதோ சொன்னாள். அது கைதட்டலில் அமுங்கிப்போனது.

"என்னம்மா? சத்தமா சொல்லு," என்றார் அதிகாரி.

தலைமை ஆசிரியை கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவள் பெட்டியைப் பார்த்தபடி பேசினாள்.

"சார், ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம்தான். அன்னிக்குக் குருவி பேர்ல படிச்சது முப்பத்தொரு பிள்ளைங்க. ஆளுக்கு ஒரு மணி நேரம்."