மைனஸ் புள்ளி மூன்று

என் தம்பி அவசரப்பட்டுச் செத்தான் என்று சாயப்பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிறவன் அவன். ஆமை என்றுதான் கூப்பிடுவோம். ஆமைக்கு என்ன அவசரம்?

அவன் வேலை பார்த்தது துணிக்குச் சாயம் ஏற்றும் பெரிய டிரம்மில். வேலை முடிந்ததும் நீராவியை வெளியே விட்டு, மீட்டர் ஜீரோ காட்டிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே பிரஷர் இருக்கும்போதே திறந்துவிட்டான், மூடி அடித்துவிட்டது என்றார் மேனேஜர். தம்பி மனைவியிடமும் அதையே சொல்லியிருந்தார்கள். "என்னையும் பிள்ளையையும் நெனைக்காம அப்படி என்ன அவசரம் அண்ணி அவருக்கு?" என்று அவள் என் மடியில் விழுந்து அழுதாள். செத்தவன்மேல் அவளுக்குக் கோபம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வேறோர் ஆலையில் மீட்டர்களைச் சோதித்துச் சரிசெய்கிறவள். என் கணவர் இந்தப் பட்டறையில் அதே வேலை பார்க்கிறார். "நான் அந்த மீட்டரப் பாக்கணும், கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"போனவன் திரும்பியா வரப்போறான், விடும்மா."

விடுவேனா? நான் பிடித்தால் பிடித்த பிடிதான். அவரோடு பட்டறைக்குப் போனேன்; மேனேஜரும் கூடவே வந்து நின்றார்.

டிரம்மின் மூடி திறந்தபடியே தொங்கியது. அன்று அணைத்த மின்சாரத்தை அதற்குப் பிறகு யாரும் போடவில்லை. சுவிட்சைப் போட்டேன். திறந்து கிடக்கும் டிரம்முக்கு மீட்டர் ஜீரோ காட்ட வேண்டும். காட்டியது மைனஸ் புள்ளி மூன்று.

உள்ளே புள்ளி மூன்று பிரஷர் இருந்தபோது யாரோ ஜீரோ பட்டனை அழுத்தி, அந்த அளவையே ஜீரோ என்று வைத்திருக்கிறார்கள். அதன்பிறகு அவ்வளவு பிரஷர் மிச்சமிருந்தாலும் இது ஜீரோ என்றுதான் சொல்லும். தம்பி ஜீரோவைப் பார்த்துவிட்டுத்தான் மூடியில் கை வைத்திருக்கிறான். நீராவி வெளியேறும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். பஞ்சும் சாயமும் இறுகி, நீராவி முழுதாக வெளியேற முடியாதபடி முக்கால்வாசி அடைத்திருந்தது.

"இப்பதான் மூடி தொறந்திருக்கே, ஜீரோ பண்ணிடுங்க" என்றார் மேனேஜர் என் கணவரிடம்.

பட்டனை உள்ளங்கையால் மறைத்தேன். "இதத் தொட்டீங்க, நடக்கறதே வேற!"

பின்னால் என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான்" என்றார். "நீராவிய விட்ட பிறகும் புள்ளி மூணுலயே நின்னுச்சு. சென்சார்தான் நகந்துபோய்த் தப்பாக் காட்டுதுன்னு நெனச்சு ஜீரோவ அழுத்திட்டேன். மூடியத் தொறந்து வச்சுப் பண்ணியிருக்கணும்."

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"அவன் விழுந்த அன்னைக்கே."

தம்பியைச் சுமந்துபோனவர்களில் முதல் ஆள் இவர். வீட்டில் ஆளாளுக்கு அவனைக் குறை சொன்னபோது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரும் இவர்தான். அவரை அறைவதா, அணைத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் தம்பி மனைவிக்குப் போன் போட்டேன்.

"அவன் அவசரப்படலடி. ஜீரோ பாத்துட்டுத்தான் தொறந்திருக்கான். மீட்டர்தான் தப்பு."

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை. பிறகு கேட்டாள்: "அத யாரு அண்ணி தப்பா வச்சது?"

கணவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"நான்தாம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அவளுக்குப் புரியவில்லை. "அழாதீங்கண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவள் அவரைத் தேற்றுவது எனக்குக் கேட்டது.

அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.