மூன்றாவது வரிசை

கனகசபாபதி பெரிய ஜீப் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தலைநகரில், கிராண்ட்பாஸில் இரும்புக் கடை வைத்து நன்றாக உழைத்தவர்தான். ஆனாலும் பிள்ளைகள் பிறந்த காலத்திலிருந்து ஒரே காரில் போய் வந்தவர். வெள்ளவத்தையில் பெரிய வாகனம் ஓடுகிறவர்களைக் கண்டால் "ஆக்களுக்குக் காட்டத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

மனைவி சரோஜினிதேவிதான் முதலில் மறித்தாள்.

"இப்ப இருக்கிற நிலைமையில உது தேவையோ? காசுக்காரர் எண்டு ஆரும் பார்த்து வைச்சுத் தூக்கிக்கொண்டு போனால்?"

"சின்ன வாகனத்தில போறவையைத்தான் மறிக்கிறாங்கள், சரோ. பிராடோ மாதிரிப் பெரிய ஜீப்பை எவன் மறிக்கிறான்? உள்ளுக்கை மந்திரியோ ஆரோ எண்டு நினைச்சு விட்டிடுவான்."

அது 2007ஆம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது. சரோஜினிதேவியின் தங்கையும் அவள் கணவரும் கப்பலில் வந்து இவர்களோடுதான் இருந்தார்கள். கனகசபாபதிக்கு இரண்டு மகள்மார், ஒரு மகன். அந்த மாடி வீட்டில் எல்லாமாக ஏழு பேர். இனிமேல் யாரும் தனியாக ஓட்டோவிலோ பஸ்ஸிலோ போகக்கூடாது, போனால் எல்லோரும் ஒரே வாகனத்தில் போகவேண்டும் என்று கனகசபாபதி தீர்மானித்திருந்தார். அதற்கு மூன்று வரிசை இருக்கை உள்ள வாகனம் வேண்டும்.

அவர் வாயால் சொல்லாத காரணம் நிமலேசன். இருபது வயது மகன். கணக்கியல் வகுப்பு முடிந்து ஒரு பின்னேரம் ஓட்டோவில் வந்துகொண்டிருந்தவனை, யாரென்று சொல்லாத சிலர் வீட்டுக்குக் கிட்டவே மறித்து இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று முதலில் தெரியவில்லை. பிறகு சட்டத்தரணி ஒருவர் அலைந்து திரிந்து ஒரு பொலிஸ் நிலையத்தில் கண்டுபிடித்து வெளியே எடுத்தார். உடம்பில் பெரிதாகக் காயம் இல்லை. வந்து குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். பேச்சுத்தான் நின்றுபோனது. கேட்டதற்கு "ஓம்" அல்லது "இல்லை". வகுப்புக்கும் போகவில்லை. பகலில்கூடப் படியில் யாரும் ஏறும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவான்.

வாகனம் பார்க்கப் போன முதல் சனிக்கிழமை கனகசபாபதி அவனை வற்புறுத்தித்தான் கொள்ளுப்பிட்டிக்குக் கூட்டிப்போனார். அங்கே வாகன விற்பனை நிலையம் வைத்திருந்த மர்ஸூக் நெடுநாள் பழக்கம். கட்டட வேலைக்கு இவரிடம் இரும்பு வாங்கியவர். வெள்ளை பிராடோ ஒன்றும் வெள்ளி நிற மொன்டேரோ ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"ரெண்டும் நல்ல சாமான் சேர்," என்றார் மர்ஸூக். "பிராடோவில பின் சீட்ட மடிச்சி ரெண்டு சைட்டிலயும் மாட்ட ஏலும். மொன்டேரோவில அது தரைக்குள்ளயே போயிடும். மத்தது உங்கட விருப்பம்."

கனகசபாபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எது நல்லம், தம்பி?" என்று சும்மா கேட்டார்.

நிமலேசன் இரண்டையும் சுற்றி வந்தான். குனிந்து கீழே பார்த்தான். "மொன்டேரோ வளைவில ஆடாது அப்பா. பிராடோவுக்கு உயரம் கூட. ஆனா பார்ட்ஸ் லேசாக் கிடைக்கும். விக்கேக்கையும் விலை விழாது," என்றான்.

கனகசபாபதி அசையாமல் நின்றார். மகன் விடுதலையாகி வந்தபிறகு அவன் வாயிலிருந்து ஒரேயடியாக இவ்வளவு வந்தது அதுதான் முதல் தடவை. சின்ன வயதிலிருந்தே வாகனப் பைத்தியம் அவனுக்கு. றோட்டில் போகும் வாகனத்தின் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லுவான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையிலும் கதை தொடர்ந்தது. டீசல் எவ்வளவு குடிக்கும், எது மலையேறும், சித்திக்கு முழங்கால் வருத்தம் என்றால் எதன் படி உயரமில்லாமல் பதிவாக இருக்கும். தங்கச்சிமார் வேண்டுமென்றே மாறி மாறிக் கட்சி பிரித்துச் சண்டை பிடித்தார்கள். சரோஜினிதேவி சோற்றுக் கரண்டியோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே கணவனிடம் வந்தாள்.

"நாளைக்குப் போறியளோ?"

"போய் முடிவைச் சொல்லலாம் எண்டு பார்க்கிறன். உனக்குத்தான் விருப்பமில்லையே."

"ஏன் அவசரம்? இன்னும் ரெண்டு மூண்டைப் பாருங்கோவன். வேற கடையளிலயும் இருக்கும்தானே."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்படியே சனிக்கிழமைகள் போயின. தகப்பனும் மகனும் ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினார்கள். பேப்பரில் வந்த விளம்பரங்களை நிமலேசன் வெட்டி வைத்தான். ஒருநாள் தோல் இருக்கை வேண்டுமா துணி இருக்கை வேண்டுமா என்று தகப்பனோடு வாதாடி, "உங்களுக்கு விளங்காது, அப்பா" என்று சொல்லிச் சிரித்தும்விட்டான். மற்ற வாகனங்களில் எதையாவது ஒரு குறை கண்டுபிடித்து, இறுதியில் திரும்பவும் மர்ஸூக்கின் அந்த இரண்டிலேயே வந்து நின்றார்கள். மர்ஸூக் அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி வரவழைத்தார். அவருக்கும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும்.

"வீட்டு ஆக்கள் எல்லாரையும் கூட்டி வாங்க சேர்," என்றார் ஒருநாள். "ஏழு பேரும் ஏறி ஒரு ரவுண்ட் போனா உங்களுக்கே தெரியும்."

அடுத்த சனிக்கிழமை காலை எல்லோரும் போனார்கள். நல்ல உடுப்பு உடுத்து, கலியாண வீட்டுக்குப் போவதுபோலப் போனார்கள். ஏழு பேரையும் ஏற்றவேண்டும் என்பதால் மர்ஸூக் தான் வரவில்லை. வாகனத்தின் திறப்பைக் கனகசபாபதியின் கையில் கொடுத்தார். பிராடோவின் முன்னுக்குக் கனகசபாபதியும் சரோஜினிதேவியும். நடுவில் சித்தியும் சித்தப்பாவும் மூத்த மகளும். பின்னால் மிச்சம் இரண்டு இடம். சின்னவள் ஏறிக் குந்தினாள். நிமலேசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் இஞ்ச நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

"ஏழு பேரும் இருந்து பார்க்கத்தானே வந்தனாங்கள்," என்றார் தகப்பன். "ஏறு தம்பி."

அவன் ஏறினான். நடு இருக்கையைத் தள்ளிச் சரிசெய்து கதவைச் சாத்தினார்கள்.

காலி வீதியில் கொஞ்சத் தூரம் போனதும் சோதனைச்சாவடி. வாகனங்கள் வரிசையில் நின்றன. கனகசபாபதி கண்ணாடியை இறக்கினார். ஆமிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். நகை போட்ட பெண்கள், குளிரூட்டி, புது வாகனத்தின் மணம். "ஹரி சேர், யன்ட," என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கையைக் காட்டி வழிவிட்டான்.

கனகசபாபதியின் நெஞ்சு நிறைந்துபோனது. தான் நினைத்ததுபோலவே நடந்துவிட்டது. "பார்த்தியே சரோ," என்று சொல்லிக்கொண்டே பின்பார்வைக் கண்ணாடியில் மகனைத் தேடினார். அவன் தெரியவில்லை.

"அப்பா," என்றாள் சின்னவள் பின்னாலிருந்து. "அண்ணா கீழ இருக்கிறார்."

வாகனத்தை ஓரமாக்கி நடு இருக்கையை மடித்துப் பார்த்தார்கள். நிமலேசன் இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய், தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு இருந்தான். கூப்பிட்டும் நிமிரவில்லை. சரோஜினிதேவி அவனுக்குப் பக்கத்தில் ஏறிக் குந்தி முதுகைத் தடவியபடியே இருந்தாள். கனகசபாபதி வாகனத்தைத் திருப்பினார்.

விற்பனை நிலையத்தில் இறக்கும்போதுதான் தெரிந்தது. இருக்கையடியும் நனைந்திருந்தது, அவனுடைய காற்சட்டையும் நனைந்திருந்தது. தங்கச்சிமார் மற்றப் பக்கம் பார்த்தார்கள். நிலையத்தில் வேலை செய்யும் ஆட்கள் இரண்டு மூன்று பேர் கிட்ட வந்தார்கள். அதற்குள் மர்ஸூக் மேசையிலிருந்த தண்ணிப் போத்தலோடு வந்து, உள்ளே குனிந்து, முழுவதையும் அந்த இடத்தில் ஊற்றினார்.

"அடடா, தம்பிக்கு மேல தண்ணியக் கொட்டிட்டேன்," என்றார் எல்லோருக்கும் கேட்க. "மன்னிச்சிக்கொங்க தம்பி. உள்ளுக்கு வாங்க, உடுக்கச் சாரம் ஒண்டு தாரேன்."

கனகசபாபதி அவருடைய கையைப் பிடித்தார்.

அதோடு சனிக்கிழமைகள் நின்றன. நிமலேசன் மறுபடியும் "ஓம்", "இல்லை"க்குப் போய்விட்டான். வெட்டி வைத்த விளம்பரங்களை அவனே பழைய பேப்பரோடு போட்டான். "நான்தானே ஏறு எண்டு சொன்னனான்," என்று கனகசபாபதி மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் லண்டனில் இருக்கும் தன் தமையனுக்கு ரெலிபோன் எடுத்து, இவனை அங்கே படிக்கக் கூப்பிட வழி பாருங்கள் என்று அழுதாள். வாகனத்துக்கென்று ஒதுக்கிய காசு அந்த வழியிலேயே போனது. விசா வந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அந்தப் பழைய காரில் தகப்பன், தாய், மகன் மூவரும் போனார்கள். நிமலேசன் முன்னால் இருந்தான். பயணிகளைத் தவிர மற்றவர்களை உள்ளே விடவில்லை. சரோஜினிதேவி அவனுடைய கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு, தாங்கமுடியாமல் காருக்குள் போய் இருந்துவிட்டாள். தகப்பனும் மகனும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

என்ன செய்தாங்கள் உனக்கு என்று கேட்கத்தான் கனகசபாபதி வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"கடைசியா எதை எடுத்திருப்பாய், தம்பி? பிராடோவோ, மொன்டேரோவோ?"

நிமலேசன் பெட்டியின் பிடியைப் பார்த்தபடி சொன்னான்.

"ரெண்டும் சரிவராது அப்பா. ரெண்டிலயும் பின் வரிசைக்குக் கதவில்லை. நடுவில இருக்கிறவன் இறங்கி, சீட்டை மடிச்சாத்தான் பின்னால இருக்கிறவன் வெளிய வரலாம். டிக்கிக் கதவையும் வெளியாலதான் திறக்கலாம். என்னைக் கொண்டுபோகேக்கையும் பின் வரிசையிலதான் இருத்தினவங்கள். தலையைக் கீழ குனியச் சொன்னவங்கள். பக்கத்தில இன்னொரு பொடியன் இருந்தவன். வழியில அவனை மட்டும் இறக்கினாங்கள். திரும்ப ஏத்தேல்லை. ஆரெண்டு தெரியாது. பேர் கேக்கேல்லை." தாய் இருந்த காரின் பக்கம் பார்த்தான். "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ."

"இல்லை," என்றார் கனகசபாபதி.

அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

திரும்பி வரும்போது சரோஜினிதேவி கேட்டாள்: "அவ்வளவு நேரம் என்ன கதைச்சவன்?"

"வாகனத்தைப் பற்றித்தான்."

"கதைச்சவனே," என்றாள் அவள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

நிமலேசன் படிப்பை முடிக்கவில்லை. அங்கேயே ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்தான். சண்டை முடிந்தபிறகும் ஒரு தடவைகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு கதைப்பான். அவள் ரெலிபோனைக் கணவனிடம் கொடுத்தால், "சாப்பிட்டியோ?" என்று இவர் கேட்பார், "ஓம் அப்பா" என்று அவன் சொல்லுவான். "என்ன, அப்பனும் மகனும் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை," என்பாள் சரோஜினிதேவி. மகன் பயந்துபோய்விட்டான், வேறொன்றும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கனகசபாபதி கண்மூடும்வரை அவளை அப்படியே நினைக்கவிட்டார்.