நாஸ்லிக்கு வரன் பார்த்த மெயில்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போக வேண்டிய கடிதம். எழுத எழுத அதற்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் காபி கேட்டார். மன்னிப்பு இன்னும் போகவில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"இஸ்மிர் வளைகுடாவின் மேல் காலை வெயில் தங்கத் துகள்களாக—"

அடித்துவிட்டேன். நடந்ததில் வளைகுடாவுக்கு ஒரு பங்கும் கிடையாது. இரண்டாவது:

"ஸெர்ரின் என்ற பெண் ஒரு சனிக்கிழமை கவனக்குறைவாக ஒரு பொத்தானை அழுத்தியபோது—"

இது நன்றாகவே ஓடியது. நாலு பக்கம் போனேன். ஒரே ஒரு குறைதான். பொத்தானை அழுத்தியது ஸெர்ரின் இல்லை, நான்.

2

ஸெர்ரினுக்கு நாற்பத்திரண்டு வயது. பகலில் ஊராருக்குப் பொய்ப்பல் செய்கிறாள். மற்ற நேரமெல்லாம் இஸ்மிரின் கார்ஷியாகா பகுதியில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தெருப்பூனைகளை வைத்துக் காப்பாற்றி, நல்ல வீடு பார்த்து அனுப்புகிறாள். அந்தக் கட்டடம் நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று இடிக்க முடிவாகிவிட்டது. எல்லாரும் இரண்டு வாரத்தில் காலி செய்ய வேண்டும். இரண்டாம் மாடியில் இருந்த எனக்கு அட்டைப்பெட்டிகள் போதும். அவளுக்கு இருபத்திரண்டு பூனைகள்.

பூனை கேட்டு எழுதியவர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஓர் அட்டவணையில் இருந்தார்கள். பெயர், மெயில் முகவரி, கேட்ட பூனை, வீட்டார் சம்மதம், நிலை. ஒவ்வொருவருக்கும் அவள் கைப்பட எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாலு மெயில் போனால் அதிகம்.

"எழுத்தாளரே, நிலையில 'பொருத்தம்'னு மாத்தினா மெயில் தானா போற மாதிரி ஏதோ இருக்காமே?" என்று கேட்டாள்.

இருக்கிறது. ஒரு பெட்டி அட்டவணை, ஒரு பெட்டி மெயில், நடுவில் ஒரு நிபந்தனைப் பெட்டி. கோடு எழுதத் தெரியாதவர்களுக்கானது என்று விளம்பரம் செய்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி கோடு போட்டால் போதுமாம்.*

"இதெல்லாம் எனக்கு வாக்கியம் சேர்க்கிற மாதிரிதான்," என்று நான் சொன்னதாக ஸெர்ரின் சொல்கிறாள். [எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய ஆள்தான்.]

நிபந்தனைப் பெட்டியைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டேன். மனிதர் பெயர் வர வேண்டிய இடத்தில் பூனையின் பெயரையும், பூனையின் பெயர் வர வேண்டிய இடத்தில் மனிதர் பெயரையும் இழுத்துப் போட்டேன். 'சோதித்துப் பார்' என்று நினைத்து 'இயக்கு' என்பதை அழுத்தினேன்.

நாலு நிமிடத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டன.

* தமிழில் மட்டும் செல்லுபடியாகிற நகைச்சுவை இது. ஸெர்ரினிடம் சொல்லிப் பார்த்தேன். பூனைக்கு மாத்திரை கொடுக்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

3

போன மெயில்களில் ஒன்று:

"அன்புள்ள நாஸ்லி, உங்களுக்குப் பொருத்தமான துணை கிடைத்தாயிற்று! பெயர் தஹ்சின். அமைதியான சுபாவம். முதல் இரண்டு நாள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ள வாய்ப்புண்டு, பயம் வேண்டாம். பழகிவிட்டால் மடியிலிருந்து இறக்குவது கடினம். இடக்கண்ணில் பார்வை குறைவு. தடுப்பூசிகள் போட்டாயிற்று. கருத்தடை முடிந்தது. ஞாயிறு காலை நேரில் வந்து பார்க்கலாம்."*

நாஸ்லி என்பது ஒன்பது வயதுப் பூனை. தஹ்சின் என்பவர் அறுபத்து மூன்று வயது மனிதர், ஃபெர்ரிப் படகுகளில் எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதம் முன்பு நாஸ்லியைக் கேட்டு எழுதியிருந்தார்.

மாலைக்குள் பதில்கள் குவிந்தன. ஒரு பெண் எழுதியிருந்தார்: "என் கணவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம்."

தஹ்சினிடமிருந்து மட்டும் பதில் இல்லை.

* துருக்கி மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். அதனால் அந்த மெயிலில் பேசப்படுவது மனிதரா பூனையா என்று கடைசிவரை தெரியாது. தமிழில் கொண்டுவரும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் வாலை மறைக்கப் படாத பாடு பட்டேன்.

4

இங்கேதான் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. தஹ்சினின் அக்கா முஸெய்யென். எழுபத்தொரு வயது, கணவரை இழந்தவர், தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கிறார். வீட்டில் ஒரே டேப்லெட். மெயிலை அவர்தான் முதலில் படித்தார். படித்தவர் தம்பி ரகசியமாகப் பெண் தேடுகிறான் என்று முடிவுகட்டினார். நம்புகிற மாதிரி இருக்கிறதா? அவரிடமே கேட்டேன்.

"நாஸ்லி பூனைன்னு எனக்கெப்படித் தெரியும்? எங்க மாடியிலேயே ரெண்டு நாஸ்லி இருக்காங்க. ஒருத்தி டீச்சர்."

சரி, நம்பிவிட்டேன். அன்று வீட்டில் நடந்ததை இருவரும் தனித்தனியே சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

"டேய் தஹ்சின், யாருடா நாஸ்லி?"

தஹ்சினுக்குத் தேநீர் புரையேறியது. "அக்கா, அது வந்து..."

"கண் ஆபரேஷனை மறைக்காம எழுதியிருக்க, சந்தோஷம். கட்டிலுக்கடியில ஒளிவேன்னு எழுதியிருக்க, அதுவும் நெசம், ஸ்கூல் போற வயசுலயே அப்படித்தான். ஆனா கருத்தடை எப்படா பண்ணிக்கிட்ட?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தஹ்சினிடம் கேட்டேன்.

"அக்கா என் சட்டையை இஸ்திரி போட ஆரம்பிச்சுட்டாங்க. பாடிக்கிட்டே போட்டாங்க. மச்சான் போனப்புறம் அவங்க பாடி நான் கேட்டதே இல்ல. எப்படிச் சொல்றது?"

5

ஞாயிறு காலை முஸெய்யென் ஸெர்ரின் வீட்டுக்கு வந்தார். பெண் கேட்கப் போகும் வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி கையில் வெள்ளிக் காகிதம் சுற்றிய சாக்லேட் பெட்டி, பூங்கொத்து. பின்னால் தஹ்சின், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில், வேர்த்துக்கொண்டு.

ஸெர்ரின் காபி கொண்டுவந்தாள். பெண் கேட்டு வரும் மாப்பிள்ளைக்கு உப்புக் காபி கொடுத்துச் சோதிப்பது இங்கே வழக்கம். முஸெய்யென் தம்பியின் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை காபியில உப்புப் போடலையா? சரி, போகட்டும். பொண்ணு எங்கம்மா?"

ஸெர்ரின் என்னைப் பார்த்தாள். நான் சாக்லேட் பெட்டியைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் நாஸ்லியைத் தூக்கிவந்து எதிர் நாற்காலியில் வைத்தாள். சாம்பல் நிறம், ஒரு கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெண்மை.

முஸெய்யென் பூனையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கோப்பையை வாங்கி நான் கீழே வைக்க வேண்டியதாயிற்று. [இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எல்லாருக்கும் நல்லது.]

"அட கூமுட்டை! இதுக்கா? இதைத் தூக்கிட்டு வரவா இவ்வளவு ரகசியம்?"

ஸெர்ரினுக்குப் பொய் வராது, பொய்ப்பல்தான் வரும். "வீட்ல இருக்கிற எல்லாரும் சம்மதிச்சாத்தான் குடுப்பேன், பெரியம்மா," என்று கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

தஹ்சினின் வரிசை. 'வீட்டார் சம்மதம்' என்ற கட்டத்தில் தஹ்சினே எழுதியிருந்தார்: "இல்லை. அக்காவுக்குப் பூனை ஆகாது."

முஸெய்யென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"இதை யாரு சொன்னா?"

"நீங்கதான்க்கா," என்றார் தஹ்சின். "நான் அஞ்சாவது படிக்கிறப்ப ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்தேன். எடுத்த இடத்துலயே விட்டுட்டு வான்னீங்க."

"அப்ப அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தா. எனக்கு வயசு இருபதுகூட ஆகல, நாலு பேருக்கு நான் சமைக்கிறேன். அன்னிக்கு வேண்டாம்னேன். அப்புறம் ஒரு தடவையாவது கேட்டியா?" கண்ணாடியைக் கழற்றினார். "அம்பது வருஷமா எம்பதிலையும் நீயே வெச்சுக்கிட்டியாடா? முன்பின் தெரியாத ஊராருக்கெல்லாம் வேற எழுதிக் குடுத்திருக்க."

தஹ்சின் தலை குனிந்திருந்தார். கப்பல் எஞ்சினையே பிரித்து மாட்டிய கைகள், முழங்காலில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. கடைசியில் நிமிர்ந்தார்.

"அக்கா. நாஸ்லியை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

முஸெய்யென் பதில் சொன்னார்.

6

அந்தப் பதிலுக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் பூனையை எடுத்து மடியில் வைக்கிறார். இன்னொன்றில் சாக்லேட் பெட்டியை விட்டுவிட்டுத் தனியாக ஃபெர்ரி ஏறிப் போகிறார். மூன்றாவதில் அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். அதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா எடுத்துடு."

"ஏன் பெரியம்மா? நீங்க சொன்னதுதானே?"

"ஒருத்தன் அம்பது வருஷம் எனக்காகப் பதில் சொன்னது போதும். நீ வேற ஆரம்பிக்காத. என் பதில் வேணும்கிறவங்க எங்கிட்ட வந்து கேக்கட்டும். வாசல்ல காலிங்பெல் இருக்கில்ல?"

எடுத்துவிட்டேன். மற்றதைச் சொல்லத் தடையில்லை. அந்த மெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர்கள் பதினாலு பூனைகளைக் கூட்டிப்போனார்கள். ஐந்து, ஊர்லா என்ற பக்கத்து ஊரில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம். இரண்டு, ஸெர்ரினோடு அவள் புது வீட்டில். கட்டடம் குறித்த நாளில் காலியாயிற்று. மிச்சக் கணக்கு நீங்கள் போடுவீர்கள், தெரியும். ஆனால் போட்டது விடையாகிவிடாது.

ஆகவே நேரில் போங்கள். படகுத்துறைக்குப் பின்தெரு, மூன்றாம் மாடி. டீச்சர் நாஸ்லி வீட்டுக்கு எதிர்க்கதவு. மத்தியானம் வேண்டாம், தூங்குவார். மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். கதவைத் திறக்கும் முன் "தள்ளு, வழியில நிக்காத" என்று உள்ளே யாரையோ அதட்டுவார்.

தஹ்சினைத்தானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.