காதர் பீவி சொன்ன பொய்கள்

காதர் பீவியை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தர் பிறந்து வரவேண்டும் என்று மலேசியாவின் பத்து பாகாட் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே காதர் பீவிதான். இருந்தாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. போன வருஷம் அவள் கணவர் சாதிக் பாட்சாவுக்கு எவனோ ஒருவன் போன் போட்டு, தான் போலீஸ் என்றும், அவர் பெயரில் போதைப்பொருள் பார்சல் மாட்டியிருக்கிறது என்றும் மிரட்டினான். மனிதருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவன் சொன்ன கணக்கில் பணம் போடச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். போனைப் பிடுங்கி அந்தப் போலீஸ்காரனை வறுத்தெடுத்தவள் காதர் பீவி. அன்றிலிருந்து தெரியாத நம்பரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இப்படிப்பட்டவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சாப்பாட்டுக்கடைக்குத்தான் வினிஃப்ரெட் டீச்சர் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நன்கொடை என்ற சொல் காதில் விழுந்தாலே இளகிவிடும் சாதிக் பாட்சா, அவர் பேசி முடிப்பதற்குள் கல்லாப் பக்கத்தில் டின்னுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்.

"எதுக்கு டீச்சர் இது?" என்றாள் காதர் பீவி.

"சினைப்பையில வர்ற கேன்சருக்குக்கா. நேரத்தோட கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம். வசதியில்லாத பொம்பளைங்களுக்கு ஸ்கேன் செலவ எங்க குழு கட்டுது."

"இதுக்கு டெஸ்ட் இருக்குல்ல? கருப்பை வாய்க்கு எடுக்கிறாங்களே, அந்த மாதிரி?"

"அதுதான் இல்லக்கா. எல்லாருக்கும் எடுத்துப் பாக்குற மாதிரி டெஸ்ட் இதுக்குக் கிடையாது. வயிறு உப்புறது, ரெண்டு வாய்லயே நெறஞ்சு போறது, அடிவயிறு வலிக்கிறது, அடிக்கடி பாத்ரூம் போறது. இதெல்லாம் விடாம இருந்தா சும்மா இருக்கக் கூடாது. உடனே பாத்துடணும். அதச் சொல்லத்தான் ஊர் ஊரா சுத்துறோம்."

காதர் பீவி தலையை ஆட்டிக்கொண்டாள். டெஸ்டே இல்லாத நோயைக் கண்டுபிடிக்க வசூலாம். இது புது மாதிரியாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. டீச்சர் ஏறிப் போன காரையும் எட்டிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. பென்ஷனில் வாங்கியதா, டின்னில் வாங்கியதா?

சந்தேகம் அவளுக்குக் கைவந்த கலை. அன்று அவள் போட்டிருந்த பாஜு கூரோங் உடுப்புகூடப் புதுத் தையல்காரி தைத்தது. பழைய தையல்காரி பிரேமலாவை விட்டு அவள் விலகி இரண்டு மாதமாகிறது. பிரேமலா தைத்த உடுப்பெல்லாம் இடுப்பில் பிடிக்க ஆரம்பித்தது. துணியைத் திருடிக்கொண்டு குறைத்துத் தைக்கிறாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கல்லாவை விட்டு அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்து போகவேண்டியிருந்தது. அதற்கு தே தாரே டீயில் கடையின் புதுப் பையன் சேர்க்கும் மலிவு டீத்தூள்தான் காரணம் என்று அவனுக்குத் தினமும் அர்ச்சனை நடந்தது. மத்தியானச் சாப்பாட்டை இரண்டு வாயோடு தள்ளிவைப்பதற்கோ யாருமே காரணம் கேட்கமாட்டார்கள். கடையில் எந்தக் குழம்பும் காதர் பீவி உப்புப் பார்க்காமல் அடுப்பை விட்டு இறங்காது. விடிந்ததிலிருந்து சட்டி சட்டியாக ருசி பார்க்கிறவளுக்குப் பசி எப்படி வரும்? சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

டீச்சரைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அவள் முடிவு கட்டினாள். அடுத்த முறை அவர் வந்தபோது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, தனக்கும் வயிறு சரியில்லை, ஸ்கேன் எடுக்கமுடியுமா என்று கேட்டாள். டீச்சர் அங்கேயே நின்று போன் போட்டு, ஆயர் ஈத்தாமில் ஒரு கிளினிக்கில் நேரம் வாங்கிக் கொடுத்தார். பூச்சட்டி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, காதர் பீவி தானே காரை ஓட்டிக்கொண்டு போனாள். அப்படி ஒரு கிளினிக்கே இருக்காது என்றுதான் நினைத்திருந்தாள். இருந்தது.

டாக்டர் இளம் பெண். அவள் மலாயில் கேட்கக் கேட்க காதர் பீவி பொய்யை அவிழ்த்துவிட்டாள். வயிறு எப்போதும் உப்பலாக இருக்கிறது என்றாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, உடுப்பு இடுப்பில் ஏறவில்லை, பாத்ரூமுக்கு நடந்தே கால் ஓய்ந்துவிட்டது என்றாள். எத்தனை மாதமாக என்று கேட்டதற்கும் தடங்கல் இல்லாமல் பதில் வந்தது. பொய் இவ்வளவு சரளமாக வருகிறதே என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஸ்கேன் எடுக்கும்போது டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே இடத்தில் கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கடைசியில், இடது பக்கம் கட்டி மாதிரி ஏதோ தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டவேண்டும், தேதி வாங்கிக்கொண்டு கூப்பிடுகிறோம் என்றாள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள் காதர் பீவி. முதலில் இலவசம், அப்புறம் பயமுறுத்தல், அதற்கப்புறம்தான் கறப்பார்கள். டீச்சர் வசமாக மாட்டினார் என்ற சந்தோஷத்தில் பூச்சட்டி வாங்குவதைக்கூட மறந்து வீடு திரும்பினாள்.

அவள் எதிர்பார்த்தபடியே போன் வந்தது. தெரியாத நம்பர். எதிரி என்ன சொல்கிறான் என்று பார்க்க ஒரே ஒரு தடவை எடுத்தாள். "ஐசி, அடையாள அட்டைய எடுத்துட்டு வாங்க" என்று ஒரு பெண் குரல் சொன்னதும் பட்டென்று வைத்து, அந்த நம்பரையும் முடக்கிவிட்டாள். வேறு நம்பரிலிருந்து வந்தது. அதற்கும் அதே கதிதான்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானக் கூட்டம் சேர்வதற்கு முன்னால், டீச்சரே கடைக்குள் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏங்க்கா போன எடுக்க மாட்டேங்கிறீங்க? ஆஸ்பத்திரியில கொடுத்த தேதி போயிடுச்சு. கெஞ்சிக் கூத்தாடி நாளைக்குக் காலையில வாங்கியிருக்கேன். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

இந்த நேரத்துக்காகத்தான் காதர் பீவி காத்திருந்தாள். "எவ்வளவு வேணும்னு நேரா சொல்லுங்க லா டீச்சர்."

"ஒரு காசும் வேணாம். அரசாங்க ஆஸ்பத்திரி. போக வர ஆகுற செலவக்கூட நாங்களே பாத்துக்குவோம்."

"நான் அந்த டாக்டர்கிட்ட சொன்னது பூரா பொய், தெரியுமா? வயிறு நெறையுது, உப்புதுன்னு நீங்க சொன்னதையே திருப்பிச் சொன்னேன். ஒங்களப் பிடிக்கத்தான் போனேன். இல்லாத நோவ அந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபிடிச்சிச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ரொட்டி போடும் கல்லுக்குப் பக்கத்திலிருந்து சாதிக் பாட்சா மாவுக் கையோடு வந்தார்.

"எது பொய், பீவி?"

"எல்லாம்தான்."

"நீ ஒரு தட்டுச் சோறு முழுசா சாப்பிட்டு எத்தன மாசமாச்சு?"

"உப்புப் பாக்குறேன்லங்க. எனக்கு எங்க பசிக்குது?"

"நோன்பு மாசம் பூரா செல்லப்பன்தானே உப்புப் பாத்தான்?" என்றார் அவர். செல்லப்பன் அந்தக் கடையின் பழைய சமையல்காரன். நோன்பு இல்லாதவன் என்பதால் வருஷா வருஷம் அந்த ஒரு மாதம் கரண்டி அவன் கைக்குப் போகும். "நீ பகல் முழுக்க நாக்குல ஒரு சொட்டு வெக்கல. அப்பவும் நோன்பு தொறந்து ரெண்டு வாய் கஞ்சியில எந்திரிச்சிட்ட. தெனம் பாத்தேன். கேட்டா திட்டுவியேன்னு கேக்காம விட்டுட்டேன்."

சமையல்கட்டு வாசலில் நின்ற செல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

காதர் பீவி டாக்டரிடம் அவிழ்த்துவிட்ட பொய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பொய்யாக இல்லை. பிரேமலா பாவம் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு பயம் வந்தது. கை தானாக இடது அடிவயிற்றுக்குப் போனது. வீணாக்கிய அந்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது.

"டீச்சர்," என்றாள். அந்தக் குரலை அந்தக் கடையில் யாரும் அதுவரை கேட்டதில்லை. "நேரத்தோட பாத்துட்டாங்கதானே? ஆமான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியலக்கா. ஆப்பரேஷன் பண்ணாத்தான் தெரியும். இப்ப நான் ஆமான்னா, அது பொய்."

ஏமாற்றுக்காரியாக இருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். காதர் பீவிக்கு அது நன்றாகத் தெரியும். டீச்சர் ஒரு கள்ளியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.